கடைசி பிளக் கோட்பாடு: ஒரு ஸ்போர்ட்ஸ் காரை முன்வைத்துச் சில ஆய்வுக் குறிப்புகள்

ஸ்போர்ட்ஸ் கார் என்பது யாது என்னும் வினாவுக்கு இதுவரை தரப்பட்ட விடைகள் வேகத்தையோ விலையையோ கதவுகளின் எண்ணிக்கையையோ பற்றி நிற்பன. அவை பொருந்தா. வேகம் சாலையைப் பொறுத்தது. விலை நாளாக நாளாக இறங்கும். கதவு குறைந்தால்தான் பெருமை என்றால் ஆட்டோவுக்குக் கதவே கிடையாது. எந்தக் காரின் கடைசி ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற இன்னோர் ஆள் டார்ச் பிடித்தாக வேண்டுமோ அதுவே ஸ்போர்ட்ஸ் கார் என்பது இக்கட்டுரை நிறுவ முயலும் கருதுகோள். டார்ச் பிடித்தவர் இவ்வாய்வாளரே ஆதலின் நடுநிலைமை பற்றி ஐயம் எழலாம். எழட்டும்.

ஆய்வுக் களம், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம், எடிசன், மச்சினன் வீட்டு கராஜ். ஆய்வுப் பொருள், 1999ஆம் ஆண்டு போர்ஷே பாக்ஸ்டர், 2.5 லிட்டர், ஆறு சிலிண்டர், நான்காவது கை. காலம், ஒரு சனிக்கிழமை, காலை இட்லி தொடங்கி விளக்கு வைக்கும் நேரம் வரை. பிளக்கை எப்படி மாற்றுவது என்பது மட்டுமே ஆய்வின் எல்லை. ஏன் மாற்ற வேண்டும் என்பது எல்லைக்குள் வராது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1860இல் லெனுவார் என்பவர் பாரிஸில் தம் வாயு எஞ்சினுக்குள் மின்பொறியை விட்டார். 1902இல் பாஷ் நிறுவனத்தின் ஹோனோல்ட் உயர் அழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் ஆக்கித் தந்தார். அன்றிலிருந்து வேலை மாறவில்லை. எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றினால் ஒவ்வொரு பிளக்கும் நொடிக்கு 50 முறை பொறி விட வேண்டும். இவ்வளவு உழைக்கிற பொருளை, கண்ணிலேயே படாத இடத்தில் வைப்பது ஏன்?

பிளக் இருக்கும் இடத்தை நம் இலக்கண மரபையொட்டிப் பகுத்தால் விளங்கும். புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என அது நான்கு வகைப்படும்.

புறப்புறத்துக்கு இலக்கியம் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். 1962இல் வந்த இந்த இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார், டிரையம்ஃப் ஹெரால்டின் சேஸியைக் குறுக்கிக் கட்டியது. அதே ஹெரால்டைத்தான் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் செய்தார்கள். ஆகவே இவ்வாய்வாளரின் தந்தையார் ஓட்டியது ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் பெரியப்பா மகன். இரண்டிலும் பானெட், மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். அப்பா முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் காபி டம்ளரை வைத்துக்கொண்டு பிளக் மாற்றுவார். இடைவெளி இருபத்தைந்து தௌ, அதாவது 0.025 அங்குலம். ஃபீலர் கேஜ் காணாமற்போன ஆண்டுகளில் உடைந்த ஆக்ஸா பிளேடு ஒன்றை நுழைத்துப் பார்ப்பார். பிளேடின் கனம் கிட்டத்தட்ட அதே இருபத்தைந்து தௌ என்பதைப் பின்னாளில் அளந்து அறிந்தபோது இவ்வாய்வாளருக்கு மெய் சிலிர்த்தது. டார்ச் பிடிக்க யாரும் தேவைப்படவில்லை. ஆகவே நம் கருதுகோளின்படி ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரே அன்று. ஒரு கோட்பாட்டுக்காக ஒரு காரை இழப்பது பெரிதல்ல.

பானெட்டைத் தூக்கினால் தெரிவது புறம். நம் ஊர்க் கார்கள் பலவும் இதில் அடங்கும் ஆதலின் விரிக்கவில்லை. கண்ணுக்குக் குழி மட்டும் தெரிந்து பிளக் அதன் அடியில் கிடப்பது அகப்புறம். 1989இல் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5 இதற்குச் சான்று. இரண்டு கேம்ஷாஃப்டுகளுக்கும் நடுவே நான்கு கிணறுகள், நேரே மேலிருந்து எட்டும்.

அகம் என்பது காண முடியாதது, தொட்டு உணர்வது. பாக்ஸ்டர் இவ்வகை. அதன் முன்பக்கம் ஒரு டிக்கி, பின்பக்கம் இன்னொரு டிக்கி. எஞ்சின் இரண்டுக்கும் இடையே, இருக்கைகளின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. துணிக் கூரையை ஒருவிதமாக மடக்கி, மூடியைக் கழற்றினால்தான் தரிசனம். மச்சினன் மூன்று ஆண்டுகளாக அந்தக் காரை ஓட்டுகிறான். எஞ்சினை இணையத்துப் படத்தில்தான் பார்த்திருக்கிறான். சிலிண்டர்கள் பக்கத்துக்கு மூன்றாகப் படுத்திருக்கும். பளு தாழ்ந்து கிடப்பதால் கார் வளைவில் சாயாமல் திரும்பும். அந்தச் சுகத்துக்குக் கூலியாகப் பிளக்குகள் பின்சக்கரங்களைப் பார்த்துத் திரும்பிக்கொண்டன.

அகத்திணையில் தலைமக்களின் பெயரைச் சுட்டக் கூடாது என்பது விதி. அகப் பிளக்கைக் கழற்றுகிறவர் வாயில் பல பெயர்கள் வருவதைக் களத்தில் கேட்டோம். வடிவமைத்த பொறியாளரின் தாயார் முதலியோர் அதில் அடக்கம்.

இனிப் பாடபேதம். ஒவ்வொரு பிளக்கிலும் அதன் சூட்டுத் தன்மையைக் குறிக்கும் எண் உண்டு. என்ஜிகே, டென்சோ ஆகிய ஜப்பானியப் பிரதிகளில் எண் ஏற ஏறக் குளிர்ந்த பிளக். பாஷ் என்னும் ஜெர்மானியப் பிரதியில் எண் ஏற ஏறச் சூடான பிளக். எது மூலபாடம் என்று முடிவுகட்ட இதுவரை ஒரு உ.வே.சா. பிறக்கவில்லை. மச்சினன் தொலைபேசியில் அட்டவணைகளை ஒப்புநோக்கி முக்கால் மணி நேரம் கழித்து, "அத்தான், பெட்டியிலயே பாக்ஸ்டர்னு போட்டிருக்கு" என்றான்.

களப்பணி பின்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றித் தாங்கிகளில் நிறுத்துவதில் தொடங்கிற்று. எஞ்சின் முழுக்க ஆறியிருந்தது. இது மரபு மட்டுமன்று. தலைப்பாகம் அலுமினியம், சூட்டோடு திருகினால் மரை பிய்ந்துகொண்டு வரும். மரை கழன்றவன் என்னும் வசை தமிழில் எப்படிப் பிறந்திருக்கும் என்பதை அந்தக் காட்சியைக் கண்டவர் எளிதில் ஊகிப்பர். சக்கரத்தைக் கழற்றியதும் அழுக்குக்கு நடுவே மூன்று இக்னிஷன் காயில்கள் தெரிந்தன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆலன் போல்ட். காயிலை உருவினால் குழாய் போன்றதொரு துளை. துளைக்குள் காற்று ஊதித் தூசியைக் கிளப்பிவிட வேண்டும். இல்லையேல் அது சிலிண்டருக்குள் விழும். பிறகு சாக்கெட், எக்ஸ்டென்ஷன், ராட்செட்.

முதல் பிளக் சட்டென்று இளகியது. இரண்டாவதில் ஆய்வுக்கு உரிய ஒன்று நிகழ்ந்தது. எக்ஸ்டென்ஷனை இழுத்தபோது அது மட்டும் வந்தது. சாக்கெட் பிளக்கைக் கவ்விக்கொண்டு துளைக்குள்ளேயே நின்றுவிட்டது. சாக்கெட்டுக்குள் இருக்கும் ரப்பர் வளையம் பிளக்கைப் பிடிப்பதற்காகவே வைக்கப்பட்டது. அது தன் கடமையை அளவுக்கு மீறிச் செய்தது. கார் அடியிலிருந்து, "அத்தான், டார்ச்சை ஆட்டாதீங்க" என்று குரல் வந்தது. ஆட்டியது டார்ச்சை அன்று, சிரிப்பால் உடம்பே ஆடிற்று என்பதை இங்குப் பதிவு செய்கிறோம். அதன்பின் எக்ஸ்டென்ஷனும் சாக்கெட்டும் சேரும் இடத்தில் கருப்பு இன்சுலேஷன் டேப்பை மூன்று சுற்று சுற்றினோம். வீட்டில் பிளக் மாற்றுவோர்க்கு இக்கட்டுரையால் ஏதேனும் பயன் உண்டென்றால் அது அந்த மூன்று சுற்று டேப்பே.

புதியதைப் போடும்போது ராட்செட்டைத் தொடலாகாது. எக்ஸ்டென்ஷனை விரலால் மட்டும் உருட்ட வேண்டும். மரை ஒழுங்காகப் பிடித்தால் பிளக் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும்; கோணலாகப் பிடித்தால் இரண்டாம் சுற்றிலேயே முறுக்கும். கைக்கு இறுகிய பின்னர் 30 நியூட்டன் மீட்டர். அப்பாவின் அளவு முறையில் சொன்னால் புது வாஷர் நசுங்க அரைச் சுற்று.

கழற்றியவற்றை அட்டையில் வரிசையாக வைத்து நிறம் பார்த்தோம். கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்துக் கொப்புளித்திருந்தால் சூடு மிகுதி, ஈரமாக மினுங்கினால் எண்ணெய் கசிவு. வெளிர் பழுப்பே உத்தமம். நாடி சோதிடத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, இதில் பரிகாரம் பலிக்கும். ஐந்தும் வெளிர் பழுப்பு. இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கக்கூடியவை. இவ்வுண்மையை மச்சினனிடம் சொல்லவில்லை, எல்லைக்குள் வராது.

ஆறாவதே இக்கட்டுரையின் உயிர். கடைசி என்றால் எண் வரிசையில் கடைசி அன்று, கை எட்டும் வரிசையில் கடைசி. 1975இல் வந்த செவ்ரலே மோன்சா வி8இல் ஒரு பிளக்கை எடுக்க எஞ்சினின் பிடிமானத்தைத் தளர்த்தி, எஞ்சினையே சற்றுத் தூக்க வேண்டியிருந்தது என்பது பழைய பதிவு. எங்கள் ஆறாவது அவ்வளவு கொடியதன்று. தோள் ஒரு பக்கமும் முழங்கை எதிர்ப்பக்கமும் மடங்கினால் எட்டிவிடும். ஆனால் அதன் காயில் போல்ட்டுகளின் தலையில் மண் அப்பிக் கிடந்தது. மற்ற பத்துப் போல்ட்டுகளிலும் ஆலன் கீ பட்ட தடம் பளபளத்தது. இவ்விரண்டில் தடமே இல்லை.

கார் வாங்கும்போது பழைய சொந்தக்காரர் கொடுத்த ரசீதுக் கட்டை வரவழைத்தோம். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு பட்டறையில் ஆறு பிளக்குகளும் மாற்றப்பட்டதாகவும் ஆறுக்கும் கூலி பெறப்பட்டதாகவும் அதில் தெளிவாக இருந்தது. கல்வெட்டு ஒன்று சொல்ல, அகழாய்வு வேறொன்று சொன்னது. ஒரு மணி நேரத்துக்கு மேல் போராடிக் கழற்றியபோது வந்த பிளக்கின் இரும்பு துருவேறிப் பழைய குத்துவிளக்குத் திரிபோலக் கறுத்திருந்தது. மற்ற ஐந்தும் ஒரு தயாரிப்பு, இது வேறு தயாரிப்பு. நுனியைச் சுற்றி நான்கு எலெக்ட்ரோடு. நான்கும் தேய்ந்து கூம்பியிருந்தன. ஆலையிலிருந்து காரோடு வந்ததாகவே இருக்க வேண்டும். முன்னைய மூன்று சொந்தக்காரர்களின் காலத்திலும் பிளக் மாற்ற இறங்கிய ஒவ்வொரு கையும் ஐந்தோடு நிறுத்திவிட்டு எழுந்திருக்கிறது.

மச்சினன் அதைத் துடைத்து, பத்திரமாகப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

சக்கரங்களை மாட்டி, போல்ட்டுகளை 130 நியூட்டன் மீட்டரில் இறுக்கி, காரைக் கீழே இறக்கி ஸ்டார்ட் செய்தோம். ஆறும் ஒரே சீராகப் பாடின. காபியோடு வந்த மாமியார் வாசலில் நின்று கேட்டுவிட்டு, "இனிமே வேகமாப் போகுமாடா?" என்றார்.

"முன்ன எப்படிப் போச்சோ அப்படித்தாம்மா போகும்."

"அப்புறம் எதுக்கு ரெண்டு பேரும் காலையிலேர்ந்து வண்டிக்கு அடியிலயே கிடந்தீங்க?"

மச்சினன் இவ்வாய்வாளரைப் பார்த்தான். அவ்வினா ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்பதை முதலிலேயே சொல்லியிருக்கிறோம்.