கதவைத் திறந்தவர்கள்

எண்பதுகளின் நடுவில் நான் போலந்துத் தலைநகர் வார்சாவில் மாணவனாக இருந்தேன். இறைச்சிக்கு அப்போது ரேஷன் அட்டை. 1981இல் வந்த அந்த அட்டை 1989இல்தான் ஒழிந்தது. அட்டை கையில் இருந்தாலும் கடையில் சரக்கு இருக்க வேண்டுமே! அதற்காக விடியுமுன்பே வரிசை தொடங்கிவிடும். சோபா, சலவை இயந்திரம் போன்றவற்றுக்கு வரிசை நாள்கணக்கில் நீளும். யாரோ ஒருவர் ஒரு நோட்டில் பெயர்களை எழுதிவைப்பார். குறித்த நேரத்தில் பெயர் வாசிப்பார்கள். ஆள் இல்லையென்றால் அடித்துவிடுவார்கள். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் முன்னால் போக உரிமை உண்டு. அந்த நோட்டை எந்த அதிகாரியும் தரவில்லை, மக்களே வைத்துக்கொண்டது. கடைக்குள் அரசின் நிர்வாகம் படுத்துக் கிடக்க, வாசலில் மக்களின் நிர்வாகம் ஒழுங்காக நடந்தது.

இன்று அதே தெருவில் நாற்பது வகைப் பாலாடைக்கட்டி அடுக்கிய கடை இருக்கிறது. ஆனால் என் வயது நண்பர்களுக்கு நல்ல மருத்துவரோ குழாய் ரிப்பேர்காரரோ வேண்டுமென்றால், இன்றும் முதலில் தெரிந்தவர்களைத்தான் கேட்கிறார்கள். அலுவலகக் கதவைத் தட்டுவது கடைசியில்தான். சரக்கு வந்துவிட்டது, பழக்கம் போகவில்லை.

அந்தப் பழக்கத்தின் வேர் வரிசைக்கும் முந்தியது. நான் குடியிருந்த வீட்டுக்கார அம்மாள் 1944 வார்சா எழுச்சியின்போது சிறுமி. 63 நாள் நகரம் தனியாகப் போரிட்டது. விஸ்துலா ஆற்றின் மறுகரைக்குச் சோவியத் படை வந்துசேர்ந்தும், நகரைக் காப்பாற்ற அது ஆற்றைக் கடந்து வரவில்லை. எழுச்சி அடங்கியதும் ஜெர்மானியர்கள் மக்களை வெளியேற்றிவிட்டு வீடு வீடாகக் கொளுத்தினார்கள், வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதற்கு முன்பே, 1939 செப்டம்பர் 1இல் மேற்கிலிருந்து ஹிட்லரும் 17இல் கிழக்கிலிருந்து ஸ்டாலினும் படையெடுத்திருந்தார்கள். போர் முடிந்தபோது போலந்துக் குடிமக்களில் சுமார் 60 லட்சம் பேர் இல்லை; அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் யூதர்கள். கிழக்கிலிருந்து விடுவிக்க வந்ததாகச் சொன்னவர்களின் ஆட்சி நாற்பதாண்டுகளுக்கு மேல் நீடித்தது. இத்தனையும் கண்ட குடும்பத்தில், மேலிருந்து வரும் வாக்குறுதியை யார் நம்புவார்கள்?

அந்த அம்மாளின் பேரன் இரண்டு வரலாறு படித்தான். ஒன்று மதிப்பெண்ணுக்கு, ஒன்று வீட்டுக்கு. 1940இல் கத்தின் காட்டிலும் வேறு இடங்களிலும் சுமார் 22,000 போலந்து அதிகாரிகளையும் படித்தவர்களையும் சோவியத் ரகசிய போலீஸ் சுட்டுக் கொன்றது. பழியை ஜெர்மானியர்மேல் போட்ட மாஸ்கோ, 1990இல்தான் ஒப்புக்கொண்டது. சமையலறை மேசையில் தாழ்ந்த குரலில் சொல்லப்பட்ட உண்மை அது. இன்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனாலும் எந்த அரசு அறிவிப்பைக் கேட்டாலும் ‘இதற்குப் பின்னால் என்ன இருக்கிறது?’ என்று தேடும் மனம் அந்தத் தலைமுறையை விட்டுப் போகவில்லை. வீட்டில் ஒட்டுக்கேட்கப்பட்ட தொலைபேசி, காவல் துறையின் அலமாரியில் பூட்டப்பட்ட பாஸ்போர்ட் என்று வாழ்ந்தவர்கள் அவர்கள். 2007இல் ஜெர்மன் எல்லையின் நிரந்தரச் சோதனை ஒழிந்தது. அவர்களின் பிள்ளைகளுக்கு ஜெர்மனி ஒரு சாதாரணப் பயணம்.

இவ்வளவு சந்தேகத்தில் வளர்ந்தவர்கள் 2022இல் என்ன செய்தார்கள்? உக்ரைன் போர் தொடங்கிய ஒரே மாதத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எல்லை கடந்து போலந்துக்குள் வந்தார்கள். பெரிய முகாம்கள் எழுவதற்குள் வீடுகள் திறந்துவிட்டன. ப்ஷெமிஷ்ல் ரயில் நிலையத்துக்குத் தாய்மார்கள் தங்கள் குழந்தை வண்டிகளைக் கொண்டுவந்து, வரப்போகிறவர்களுக்காக விட்டுச் சென்றார்கள். 1943இல் வோலினியாவில் உக்ரைன் தேசியவாதிகள் போலந்துக் கிராமங்களில் நடத்திய படுகொலையை மறவாத குடும்பங்களும் இடம் கொடுத்தன. என் நண்பன் வீட்டின் முன்னறையில் கார்கிவிலிருந்து வந்த ஒரு தாயும் மகளும் தங்கினார்கள். “அரசு வரட்டும் என்று காத்திருக்க எங்களுக்குத் தெரியாதே!” என்றான் அவன். அரசை நம்பாமல் வளர்ந்ததுதான் அவனை அன்று அவ்வளவு விரைவாக ஓட வைத்தது. அவநம்பிக்கையும் கருணையும் ஒரே பள்ளியில் கற்ற பாடங்கள்.

இதோடு நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னவனாவேன். அதே 2022இல், வடகிழக்கே பெலாரஸ் எல்லையில் ஐந்தரை மீட்டர் உயர எஃகு வேலி 186 கிலோமீட்டருக்கு எழுந்தது. பெலாரஸ் ஆட்சி திட்டமிட்டே அனுப்பிய மத்திய கிழக்கு, ஆப்பிரிக்க மக்கள் அங்கே திருப்பித் தள்ளப்பட்டார்கள். காட்டுக் குளிரில் சிலர் இறந்தார்கள். 1981 டிசம்பரில் ராணுவச் சட்டம் வந்தபோது, ஒடுக்கப்பட்ட போலந்துக்காக உலகெங்கும் ஜன்னல்களில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். வத்திக்கானில் போப் இரண்டாம் ஜான் பாலும் ஏற்றினார். நாற்பது ஆண்டு கழித்து அந்த எல்லைக் கிராமங்களில் சிலர் ஜன்னலில் பச்சை விளக்கு வைத்தார்கள்: ‘இந்த வீட்டில் உணவு உண்டு, உள்ளே வரலாம்’ என்பதற்கு அடையாளமாக. அந்நிய ஆட்சியில் கற்ற துணிவைச் சொந்த ஆட்சியின் முன்னால் காட்டியவர்கள் அவர்கள்.

சோவியத் நிழலில் இருந்த ஆட்சியை ‘அவர்கள்’ என்று ஒதுக்கிவிட்டு, வீட்டுக்குள் நேர்மையாக வாழ முடிந்தது. 1980–81இல் சுமார் 1 கோடிப் பேர் சாலிடாரிட்டி தொழிற்சங்கத்தில் சேர்ந்து, 1989 தேர்தலில் அந்த ஆட்சியை வாக்குச்சீட்டால் அசைத்தார்கள். அன்றிலிருந்து அரசு அவர்களுடையது. அது செய்யும் நன்மையும் கொடுமையும் அவர்கள் பெயரால்தான் நடக்கின்றன. இதை உணர்ந்து, வேலியைப் பற்றித் தங்கள் பிரதிநிதிகளிடம் கணக்குக் கேட்கும் இளைஞர்களை இப்போது வார்சாவில் சந்திக்கிறேன். தாத்தா பாட்டிகள் அரசை மீறிக் காப்பாற்றிய மனிதத்தை அரசுக்குள்ளேயே கொண்டுவருவது இவர்களின் வேலை. முந்தையதைவிட இது கடினமான வேலை. இவர்களால் முடியும் என்று நான் நம்புகிறேன்.