ராஜா கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எப்படி?

முதலில் ஒரு தொப்பி வாங்குங்கள். கித்தாத் தோட்டத்துத் துரைமார் போட்டுக்கொண்டு திரிந்தார்களே, அந்த வெள்ளைத் தொப்பி. ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில் தேடினால் அகப்படும். கணினிக்கு நினைவகம் இவ்வளவு வேண்டும், கிராபிக்ஸ் அட்டை அப்படி வேண்டும் என்று யூடியூப்பில் சொல்வதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ‘நைன் கிங்ஸ்’ ஆட உட்காருகிறவருக்கு அவசரத் தேவை தொப்பிதான். பெயரில் ராஜா இருந்தாலும் அதில் நீங்கள் பார்க்கப்போவது துரை உத்தியோகம்.

ஆட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. பிரேசிலைச் சேர்ந்த ‘சேட் சாக்கெட்’ என்ற சிறிய நிறுவனம் செய்தது. 2025 மே மாதம், வேலை முழுதாக முடியும் முன்பே விற்பனைக்கு வந்தது. ஸ்டீமில் அதற்கு ‘ஏர்லி ஆக்சஸ்’ என்று மரியாதையான பெயர். மூன்றுக்கு மூன்று, ஆக ஒன்பது கட்டம். தொடக்கத்தில் உங்கள் ராஜ்ஜியம் அவ்வளவுதான். ஆண்டுக்கு ஒரு கார்டு வைக்கலாம்: ஒரு கட்டடம், அல்லது ஒரு படை, அல்லது ஒரு மந்திரம். வைத்த கையோடு எதிரி ராஜாவின் ஆட்கள் வந்துவிடுவார்கள். உங்கள் படை தானே ஓடும், தானே அடிக்கும், தானே விழும். நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஜெயித்தால், தோற்றவனின் கட்டிலிருந்து ஒரு கார்டை உருவிக்கொள்ளலாம். இந்தத் தானியங்கிச் சண்டைக் காய்ச்சல் 2019 சனவரியில் சீனாவின் ட்ரோடோ ஸ்டுடியோ வெளியிட்ட ‘ஆட்டோ செஸ்’ மூலம் ஊர் ஊராகப் பரவியது. நம் நாட்டிலும் சரக்கு உண்டு: மலேசியாவின் குரேச்சி நிறுவனத்தினர் ‘கிங்ஸ் லீக்’ என்று ஒன்றைச் செய்து, அதன் இரண்டாம் பாகத்தை 2019-இல் ஆப்பிள் ஆர்க்கேடில் விட்டார்கள். அதிலும் ஆள் சேர்ப்பீர்கள், பழக்குவீர்கள், சண்டை வந்ததும் வேடிக்கை பார்ப்பீர்கள்.

பிரேசில் என்றதும் பேராக்வாசிகள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும். ஹென்றி விக்கம் 1876-இல் பிரேசிலிலிருந்து கொண்டுபோன ரப்பர் விதைகள் லண்டன் கியூ பூங்காவில் முளைத்தன. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த நாற்றுகளில் ஒன்பதைப் பேராக் ரெசிடென்ட் ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். அந்தத் தலைமுறையின் ஒரு மரம் இன்றும் அங்கே வேலி போட்டுக் காப்பாற்றப்பட்டு நிற்கிறது. அன்று ஒன்பது நாற்று, இன்று ஒன்பது ராஜா. தற்செயல்தான். ஆனாலும் பிரேசிலிலிருந்து ஒன்பதாக எது வந்தாலும் நாம் உஷாராக இருப்பது நல்லது.

கோட்டையில் காசைக் கொட்டாதீர்கள்

புதிதாக ஆடுகிறவர்கள் எல்லாருக்கும் வருகிற நோய் இது. கோட்டையும் எதிரியைத் தாக்கும் என்று தெரிந்ததும் கைக்கு வந்த நல்லதையெல்லாம் அதற்கே படைப்பார்கள். படை மெலியும்; கோட்டை மட்டும் ஜம்மென்று நிற்கும். இந்த நோய்க்கு மருந்து ஈப்போவிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில், பத்து காஜா போகும் வழியில் இருக்கிறது. நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பாருங்கள்.

வில்லியம் கெல்லி ஸ்மித் ஸ்காட்லாந்துக்காரர். கிந்தா கெல்லாஸ் தோட்டத்தின் முதலாளி. 1915 வாக்கில் மாளிகை கட்டத் தொடங்கினார். மெட்ராசிலிருந்து செங்கல் வந்தது, ஆளும் வந்தார்கள். மாடிக்கு மாடி மின்தூக்கி போவதற்குக் குழி விட்டார். மலாயாவில் அதுவே முதல் மின்தூக்கியாக இருக்க வேண்டும் என்பது ஆசை. இதற்கிடையில் ஸ்பானிய விஷக்காய்ச்சல் வந்து, கட்டிக்கொண்டிருந்தவர்களில் பலர் செத்தார்கள். 1926-இல் லிஸ்பனுக்குப் போன ஸ்மித் அங்கேயே நிமோனியாவில் காலமானார். மனைவி சொத்தை விற்றுவிட்டு ஊருக்குப் போனார். மின்தூக்கி வரவில்லை. குழி இருக்கிறது. இப்போது கல்யாண ஜோடிகள் அங்கே போட்டோ எடுக்கிறார்கள்.

ஆனால் அந்த மனிதர் ஒரு கார்டைச் சரியாக வைத்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். நோய் பரவியபோது தொழிலாளர்கள் மாரியம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று கேட்டார்கள், கட்டிக்கொடுத்தார். மாளிகைக்குச் சற்றுத் தள்ளி இன்றும் பூசை நடக்கிறது. கோயில் கூரையில் சாமி சிலைகளுக்கு நடுவே கோட்டும் தொப்பியுமாக ஓர் ஆள் நிற்கிறார். அது ஸ்மித்தான் என்று சொல்வார்கள். ஆறு மாடிக் கோபுரத்தில் குடியேற முடியாதவர் ஆத்தா கோயில் கூரையில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டார். முதலீட்டுக்குக் கிடைத்த பலன் என்று பார்த்தால் பேராக்கில் இதை மிஞ்சிய கணக்கு எனக்குத் தெரிந்து கிடையாது.

அண்டை வீடு

ஒன்பது கட்டத்தின் சூட்சுமம் அண்டை வீட்டில் இருக்கிறது. பண்ணையை வைத்தால் அதை ஒட்டிய கட்டத்துப் படையின் தலைக்கணக்கு கூடும். கொல்லன் பட்டறையை வைத்தால் ஒட்டிய படையின் அடி கூடும். மூலையில் வைத்தால் அண்டை குறைவு, நடுவில் வைத்தால் அதிகம். இதைப் புரிந்துகொள்ள வெளிநாட்டுப் பையன்கள் அட்டவணை போட்டு மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். உங்களுக்கு அட்டவணை எதற்கு? தோட்டத்து வரைபடம் ஒன்று போதும்.

மேட்டில் துரை பங்களா. அங்கிருந்து பார்த்தால் எல்லாம் தெரிய வேண்டும். கீழே இருந்து பார்த்தால் பங்களா மட்டும் தெரிய வேண்டும். பாதி மேட்டில் கிராணி வீடு, இரண்டு பக்கத்துக்கும் கெட்டவராக இருப்பதற்கு வசதியாக. பள்ளத்தில் லயம். லயத்தின் தலைப்பில் மண்டோர் வீடு. நடந்துபோகும் தூரத்தில் ஆயாக்கொட்டகை, அப்போதுதான் தாய்மார் பிள்ளையை விட்டுவிட்டு விடியும் முன் நிரைக்குப் போக முடியும். கள்ளுக்கடையையும் லயத்தை ஒட்டியே வைத்தார்கள். சம்பளம் கொடுத்த காசு வெகுதூரம் அலையாமல் இருக்க அதைவிட நல்ல கட்டம் இல்லை.

பண்ணை கார்டு செய்யும் வேலையைத் தோட்டத்தில் கங்காணி செய்தார். ஊருக்குப் போவார், தன் ஊர்க்காரர்களையும் சாதி சனத்தையும் கூட்டிக்கொண்டு வருவார், தலைக்கணக்கு கூடும். 1938-இல் இந்திய அரசு, உதவித்தொகை கொடுத்து மலாயாவுக்குக் கூலியாட்களை அனுப்புவதைத் தடை செய்ததும் அந்தக் கார்டு செல்லாக்காசாயிற்று. உங்கள் ஆட்டத்தில் அப்படித் தடை எதுவும் வராது. பண்ணையைத் தைரியமாக நடுக் கட்டத்தில் வையுங்கள்.

பள்ளிக்கூடக் கார்டு இருந்தால் அதை யாரும் வைக்க மாட்டார்கள். பலன் தெரிய ஒரு தலைமுறை ஆகும், ஆட்டமோ அவசரம். தோட்டத்திலும் அதே கதைதான். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி வைத்தே ஆக வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் சொன்ன பிறகுதான் பல தோட்டங்களுக்கு இடமே கண்ணில் பட்டது. ஸ்டோருக்குப் பின்னால், மழை ஒழுகும் கொட்டகையாகப் பார்த்து ஒதுக்கினார்கள். கிராணி ஓய்வு நேரத்தில் வாத்தியார். அந்தக் கார்டு கடைசியில் என்ன செய்தது என்று கேட்கிறீர்களா? இந்த வழிகாட்டியை நீங்கள் தமிழில் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கையைக் கட்டுங்கள், வாயையும்

சண்டை தொடங்கிவிட்டது. இனி எலியைத் தொட்டுப் பயனில்லை. திரையைப் பார்த்துக் கத்துகிறவர்கள் உண்டு. “டே வில்லுக்காரா, பின்னால போடா!” அவனுக்குக் கேட்காது. இடதுபக்கம் ஓடு என்றாலும் கேட்காது. நீங்கள் செய்ய வேண்டியதைச் சண்டைக்கு முன்பே செய்திருக்க வேண்டும். எழுந்து போய்க் காப்பி கலக்குவது நல்லது.

ஆபத்து வேறு திசையில் இருக்கிறது. சத்தம் கேட்டுப் பாட்டி வந்து பின்னால் நிற்பார். கையில் புந்தோங் கச்சான்பூத்தே பொட்டலம். கொஞ்ச நேரம் பேசாமல் பார்ப்பார்.

“யாருப்பா இவங்க, ஓடி ஓடி அடி வாங்குறாங்க?”

“என் படை பாட்டி.”

“நீ எங்க நிக்கிற?”

“நான் ராஜா பாட்டி. உள்ள இருக்கேன்.”

“ஓ. தொரையா?” கச்சானை மெல்லுவார். “சம்பளம் எவ்வளவு குடுக்குற?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள். ஆட்டத்தில் சிப்பாய்க்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. தங்கம் சேரும், அது முழுக்க உங்களுடையது. அதைச் சொன்னால் அவர் அதிகாலைப் பெரட்டுக்குப் போய்விடுவார்: இருட்டில் வரிசையாக நின்றது, பெயர் கூப்பிடும்போது ஒரு நிமிடம் தாமதமாகப் போனதற்கு அன்றைக்குப் பேர் போடாமல் திருப்பி அனுப்பியது, மழை வந்து மங்கில் பால் கெட்டுப்போன நாளில் அரைச் சம்பளம். நீங்கள் திரும்பி வருவதற்குள் கோட்டை விழுந்திருக்கும்.

ஆனால் அவரை விரட்டவும் வேண்டாம். போகும்போது, “அந்தக் கடைசி நிரையில ஆளு பத்தாதுப்பா” என்று சொல்லிவிட்டுப் போவார். போய்ப் பாருங்கள், பத்தாது. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் போட்ட வரிசையில் நின்றவர்களுக்கு வரிசையின் ஓட்டை எங்கே என்று தெரியும். அடுத்த ஆண்டு அந்தக் கட்டத்திலேயே அதே கார்டை மறுபடி வையுங்கள். படையின் தரம் உயரும். யோசனை பாட்டியுடையது என்று ஸ்டீமில் போடத் தேவையில்லை. துரைமார் அப்படிப் போட்டதாக வரலாறு இல்லை.

வேலி

கல் ராஜாவின் கார்டுகள் கையில் சேர்ந்தால் பாதுகாப்பிலேயே மூழ்கிவிடத் தோன்றும். அளவோடு நிறுத்துங்கள். 1948 சூன் 16 அன்று சுங்கை சிப்புட் பக்கத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு அவசரகாலம் வந்தது. 1950 முதல் பிரிக்ஸ் திட்டத்தில் லட்சக்கணக்கானவர்களைத் தூக்கிப் புதுக் கிராமங்களில் வைத்து முள்கம்பி போட்டார்கள். தோட்டத்து லயங்களையும் ஒன்றாகச் சேர்த்து வேலிக்குள் அடைத்தார்கள். வேலி போட்டவர் எதிரியை வெளியே நிறுத்துவதாகச் சொன்னார். உள்ளே இருந்தவர் வெளியே போக அனுமதி கேட்டார். அந்தக் கார்டுக்கு இரண்டு பக்கம் உண்டு, அவ்வளவுதான்.

ஆட்டத்தில் இல்லாத ஒரு கார்டு

ஒன்பது ராஜாக்களில் பேராசை ராஜாவும் முன்னேற்ற ராஜாவும் உண்டு. நமக்கு இருவரையும் நேரில் தெரியும். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாக நறுக்கி விற்றார்கள். தோட்டம் துண்டானால் வேலை போகும்; லயம் தோட்டத்துடையது என்பதால் வேலையோடு வீடும் போகும். கட்டத்தில் நிற்கிற சிப்பாயை யாரும் கேட்பதில்லை.

சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ.தி. சம்பந்தன் அப்போது ம.இ.கா. தலைவர், அமைச்சரும்கூட. 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. அவர் தோட்டம் தோட்டமாகப் போய் லயத்து முற்றங்களில் நின்று பேசினார். நூறு வெள்ளிப் பங்கு. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். பால் வெட்டுகிறவருக்கு அன்று பத்து வெள்ளி விளையாட்டுக் காசு இல்லை. பிள்ளைக்குச் சட்டை, தீபாவளிச் சீட்டு, ஊருக்கு அனுப்பும் பணம், எல்லாவற்றிலும் கிள்ளித்தான் எடுக்க வேண்டும். எடுத்தார்கள். அந்தக் காசில் சங்கம் தோட்டங்களை வாங்கியது.

ஆட்டக்காரர் கண்ணால் இதைப் பாருங்கள். சிப்பாய்கள் காசு போட்டுக் கட்டத்தை வாங்குகிறார்கள். ராஜாவிடம் கேட்கவில்லை, ராஜா கார்டு வைக்கவும் இல்லை. இப்படி ஒரு கார்டை நைன் கிங்ஸில் போட்டால் ஆட்டம் நிலைகுலைந்துபோகும். அடுத்த அப்டேட்டிலேயே அதன் பலத்தைப் பாதியாக வெட்டிவிடுவார்கள். பேராக்கில் அந்தக் கார்டு எல்லாத் தோட்டத்தையும் காப்பாற்றிவிடவில்லை. செம்பனை வந்தது, பிறகு தாமான் வந்தது. நீங்கள் இப்போது மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ராஜ்ஜியம் ஆளுகிற வீடே எந்த நிரைமேல் கட்டியதோ. ஆனாலும் அது ஒரு முறை ஆடப்பட்ட கார்டு. பிரேசில் தம்பிமாருக்கு யாராவது எழுதிப்போட்டால் நல்லது.

தோற்ற பிறகு

தோற்பீர்கள். தொடக்கத்தில் உங்களுக்குக் கிடைக்கும் அரசருக்குப் பெயரே ‘ஒன்றுமில்லாத ராஜா’. அவரிடம் அதிகம் எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. தோல்வியை எப்படி எடுத்துக்கொள்வது என்பதற்கும் துரைமார் வழி காட்டியிருக்கிறார்கள்: சீமைக்கு அறிக்கை எழுத வேண்டும். மாதிரி கீழே இருக்கிறது. தேவையான இடத்தில் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்.

“இயக்குநர்கள், லண்டன். ஐயன்மீர், இவ்வாண்டு மழை அதிகம். ரத்த ராஜாவின் தொல்லையும் அதிகம். வில்லாளிகள் சோம்பேறிகள், வாள்காரர்கள் அடிக்கடி செத்துப்போகிறார்கள். கோயில் கேட்கிறார்கள், பரிசீலனையில் உள்ளது. பள்ளிக்கூரை அடுத்த ஆண்டு. படை முழுவதும் அழிந்தது. பங்களாவுக்குச் சேதம் இல்லை. புதிய ஆண்டுக்கு ஆட்கள் அனுப்பவும்.”