பத்து மதிப்பெண் புரதம்

‘புரதத்தின் நான்கு நிலைக் கட்டமைப்புகளை விவரி. 10 மதிப்பெண்.’ இந்தக் கேள்விக்காகத்தான் ஆண்டவன் புரதத்தையே படைத்தான் என்று நம் உயிர்வேதியியல் துறைகள் மனதார நம்புகின்றன. மாணவன் எதையும் மடக்கிப் பார்க்க வேண்டாம். ரெக்கார்டு நோட்டை மடங்காமல் கொண்டுவந்து கையெழுத்து வாங்கினால் போதும்.

இந்தப் பெருவாழ்வைக் கெடுக்கவென்றே 2008இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் ‘ஃபோல்டிட்’ என்றொரு கணினி விளையாட்டை வெளியிட்டார்கள். திரையில் ஒரு புரதச் சங்கிலி. இழுக்கலாம், முறுக்கலாம், உலுக்கலாம். நீரோடு ஒட்டாத பகுதிகளை உள்ளே ஒளித்தால் புள்ளி ஏறும். அணுக்கள் இடித்துக்கொண்டால் சிவப்பாக முள் துருத்தும். சும்மா ஆட உட்கார்ந்த பிள்ளைக்குப் புரதம் ஏன் மடிகிறது என்பது கைப்பழக்கமாகவே பிடிபட்டுவிடும். அநியாயம்! மூன்றாண்டுப் பட்டப்படிப்பிலும் ஒருவருக்கும் தெரியாமல் நாம் கட்டிக்காத்த ரகசியமல்லவா அது?

குரங்குகளுக்கு எய்ட்ஸ் போன்ற நோயைத் தரும் ஒரு வைரஸின் நொதி, பத்தாண்டுக்கு மேலாக அறிஞர்களுக்கே பிடிகொடுக்காமல் இருந்தது. ஃபோல்டிட் ஆட்டக்காரர்கள் மூன்றே வாரத்தில் அதன் வடிவத்துக்கு வழிகாட்டினார்கள். 2011இல் வந்த ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் ஆட்டக்காரர் குழுக்களின் பெயரும் இருந்தது. என்ன ஒழுங்கீனம் பாருங்கள்! நம் ஊரில் லேப் பக்கம் தலைகாட்டாத துறைத்தலைவர் பெயர் முதலில் வரும். ராத்திரி பகலாகக் கிடந்த பிள்ளையின் பெயர் நன்றியுரையில் வரும், இடமிருந்தால்.

வயிறு எரிவது இதற்காக அல்ல. அந்த விளையாட்டுக்குள் ‘ராமா மேப்’ என்றொரு கருவி இருக்கிறது. 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் அவரோடு உழைத்தவர்களும் தந்த வரைபடம். புரதச் சங்கிலி எந்தக் கோணத்தில் திரும்பலாம், எங்கே முட்டும் என்று அது சொல்லிவிடும். எங்கோ ஒரு நாட்டில் யாரோ அதைப் பார்த்துப் பார்த்துப் புரதத்தைத் திருப்புகிறார். அதே பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்கு பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரத்தில் படிக்கும் நம் பிள்ளைக்கோ அது நோட்ஸில் மூன்று மசித்திட்டு. பென்சிலால் வரைந்து பாகம் குறித்தால் 5 மதிப்பெண். ஆடிப்பார்க்க வேண்டியதைப் படம் வரைய வைத்த பாவிகளை என்ன செய்வது?

நாமும் ‘விளையாட்டு வழிக் கற்றல்’ தொடங்கிவிட்டோம் என்று மார்தட்டுகிறார்கள். தெரியும் ஐயா, அந்த ஆப். ‘கிரெப்ஸ் சுழற்சியின் முதல் நொதி எது?’ சரியாகத் தொட்டால் தங்கக் காசு கொட்டும். அதே மனப்பாடம், கொஞ்சம் ஜிகினா, வருடச் சந்தா தனி.

2024இல் புரத ஆய்வுக்காக வேதியியல் நோபல் பெற்ற மூவரில் ஒருவரான டேவிட் பேக்கரின் ஆய்வகத்தில்தான் ஃபோல்டிட்டுக்கு வேர். இன்னொருவரான டெமிஸ் ஹசாபிஸ் பதின்ம வயதிலேயே ‘தீம் பார்க்’ என்ற கணினி விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவர். இங்கே படித்திருந்தால் அப்பாவைக் கூட்டிவரச் சொல்லியிருப்போம். கம்ப்யூட்டர் லேபில் ஆடியிருக்கவும் முடியாது. அது உறை போட்டுப் பூட்டிக் கிடக்கிறது. கல்லூரியின் தரத்தை மதிப்பிட நாக் குழு வரும் அன்று திறப்பார்கள்.