எதை எதில் சொல்வது?

விருத்தாசலத்துக்காரர்களுக்குத் தகவல் தொடர்பில் குழப்பமே கிடையாது. எதற்கு எது என்று தெளிவாக வகுத்து வைத்திருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டுக்காரரை நலம் விசாரிக்க வாட்ஸ்அப். ஒரு ரோஜாப்பூ, ஒரு காலை வணக்கம், முடிந்தது. நேரில் போனால் காபி கொடுத்துவிடுவார்கள். பீங்கான் ஊர் என்பதற்காகக் கோப்பை தானாகக் கழுவிக்கொள்ளுமா? கொடுத்த கடனைக் கேட்கத் தொலைபேசி. வாங்கிய கடனுக்கு, 'தொடர்பு எல்லைக்கு வெளியே'. அவசரத்துக்குத் தந்தி இருந்தது. 2013 ஜூலையில் அதை நிறுத்தியதிலிருந்து நாட்டில் அவசரமே இல்லை.

தெருவிளக்கு எரியவில்லையா? திங்கட்கிழமை கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் மனு. அது 'உரிய நடவடிக்கைக்காக' விருத்தாசலத்துக்கே திரும்பி வரும். நாம் பஸ்ஸில் போனோம். மனுவுக்கு அரசுச் செலவில் பயணம். அதன் கதி அறிய, 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 30 நாளில் கட்டாயம் பதில் வரும்: 'பரிசீலனையில் உள்ளது.'

அதற்கும் மேல் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில். காகிதத்தில் பிராது எழுதி, ஊர்த் தூரத்துக்கு ஏற்பப் படிப்பணம் செலுத்தி, முனியப்பர் சன்னதியில் கட்ட வேண்டும். 3 நாள், 3 வாரம், 3 மாதம் என்று கெடு உண்டு. காரியம் முடிந்தால் பிராதை ராஜினாமா செய்து கோப்பை மூடலாம். நிர்வாகம் என்றால் இது!

அங்கே வரிசையில், உங்கள் மனுவை வாங்கிய அதிகாரியும் நிற்கக்கூடும். வணங்கிவிட்டு ஒதுங்கிவிடுங்கள். இடமாறுதல் கேட்டு அவர் மேலிடத்துக்கு எழுதிய மனுவும் பரிசீலனையில்தான் உள்ளது.