செட்டுக்காரர்

கேசட் காலத்தில் ராமேஸ்வரம், மண்டபம், பாம்பன் பக்கத்து விசைப்படகுகளில் படகை ஓட்ட ஸ்ராங்கு ஒருவர் இருப்பார், மடி வலை இழுக்க நாலைந்து பேர், சோறு பொங்க ஒரு பையன். இவர்களில் ஒருவருக்கு எந்தக் கணக்கிலும் ஏறாத இன்னொரு பதவியும் உண்டு. அவர்தான் செட்டுக்காரர். அதற்காக மீன்பாட்டில் தனிப் பங்கு கிடையாது. ஆனால் கேபினுக்குள் இருக்கும் கேசட் செட்டின் மேல் வேறு யாராவது விரலை வைத்துவிட்டால், "கைய எடுலே!" என்று படகின் முன்பக்கம் அணியத்தில் நிற்பவருக்கும் கேட்கிற மாதிரி ஒரு குரல் வரும். 1980, 90களில் கடலுக்குப் போனவர்கள் எல்லோருக்கும் இவரைத் தெரியும்.

இவரைப் பாட்டு ரசிகர் என்று நினைத்துப் பேச்சுக் கொடுத்தால் ஏமாந்துபோவீர்கள். இளையராஜா பாட்டு ஓடும்போது மற்றவர்கள் பல்லவியில் கிறங்கிக் கிடப்பார்கள். இவர் மட்டும் தலையைச் சாய்த்து, பல்லவிக்குப் பின்னால் வரும் விசில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஸ்ராங்கு எஞ்சினை முடுக்கினால் விசிலும் மேலே ஏறும், குறைத்தால் இறங்கும். "டைனமோ சத்தம்" என்பார், டாக்டர் மாதிரி. அதற்கு ஒரு சோக்கும் கெப்பாசிட்டரும் மாட்டுவார். விசில் போகும். கூடவே பாட்டும் போகும். பிறகு மாட்டியதைக் கழற்ற ஒரு ராத்திரி.

செட்டு அவரிடம் வரும்போது காருக்குச் செய்த 12 வோல்ட் செட்டாகத்தான் வரும். போட்டிலோ இரண்டு பேட்டரியைத் தொடுத்து 24 வோல்ட். இடையில் ஒரு கன்வெர்ட்டர் வைக்க வேண்டும் என்று எந்த எலெக்ட்ரீஷியனும் சொல்லுவார். செட்டுக்காரருக்கு அந்தச் செலவு வீண். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் ஒயரை இழுத்துவிடுவார். அன்றிலிருந்து அந்த ஒரு பேட்டரி பாட்டுக்கும் உழைத்து, எஞ்சினுக்கும் உழைத்து இளைத்துக்கொண்டே வரும். பக்கத்துப் பேட்டரி அளவுக்கு மேல் சார்ஜ் ஏறித் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். பியூஸ் போனால் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டிச் செருகுவார். போட்டு எரியாமல் கரை சேர்ந்ததெல்லாம் கடல் மாதா புண்ணியம்.

ஸ்பீக்கர் கதை தனி. காகிதக் கோன் உப்புக் காற்றில் ஊறி அப்பளம் போல ஆகிவிடும். அதனால் ஸ்பீக்கரைக் காற்றுப் படாத, ஈரம் ஏறாத, நல்ல எடுப்பான இடமாகத் தேடுவார். போட்டில் அப்படி ஓர் இடம்தான் உண்டு, ஸ்ராங்கின் காம்பஸுக்குப் பக்கத்தில். ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கிறது என்பதும், காம்பஸ் முள்ளும் காந்தம்தான் என்பதும் செட்டுக்காரருக்கு நன்றாகத் தெரியும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும் என்பதுதான் தோன்றாது. முள் 5 பாகை விலகினால் 12 மைல் ஓடுவதற்குள் 1 மைல் தள்ளிப் போயிருப்போம். மற்றக் கடலில் என்றால் சிரித்துவிட்டுத் திரும்பலாம். இது பாக் நீரிணை. 1974இல் இலங்கையோடு போட்ட எல்லைக் கோடு பக்கத்தில் இருக்கிறது. "யப்பா, ஒன் பாட்டுக்கு நாங்க களி திங்கணுமா?" என்று ஸ்ராங்கு கத்தினால் ஸ்பீக்கரை ஒரு முழம் நகர்த்தி வைப்பார், ரொம்ப மனவருத்தத்தோடு.

அவரைப் பார்க்க வேண்டிய நேரம், மடியை விட்டுவிட்டு எல்லோரும் சாய்ந்து படுக்கும் நேரம். துண்டை விரித்து, சம்மணம் போட்டு, சட்டைப் பையிலிருந்து சாமான்களை எடுத்து வைப்பார். கம்பவுண்டரிடம் கெஞ்சி வாங்கிய ஸ்பிரிட், தீக்குச்சி, பஞ்சு. கேசட் கதவைத் திறந்து, பஞ்சு சுற்றிய தீக்குச்சியால் ஹெட்டைத் துடைப்பார். பழுப்பாக ஒரு கறை வரும். அதை வெளிச்சத்தில் பிடித்து எல்லோருக்கும் காட்டுவார், யாரும் பார்க்க மாட்டார்கள். பிறகு ரப்பர் உருளையை விரலால் உருட்டி உருட்டித் துடைப்பார். ஒரு தடவை சோறு பொங்கும் பையன் நல்ல எண்ணத்தில் அதற்குத் தேங்காய் எண்ணெய் விட்டுவிட்டான். நாடா வழுக்கி, சிக்கி, குடல் சரிந்த மாதிரி வெளியே வந்தது. செட்டுக்காரர் அவனைத் திட்டவில்லை. பேசவே இல்லை, ரொம்ப நாளைக்கு. 4 மில்லிமீட்டர் அகலம்கூட இல்லாத அந்த நாடாவை நகத்தால் நீவி, பென்சிலைச் சொருகிச் சுற்றி, அறுந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டினார். அன்றிலிருந்து அந்தப் பாட்டில் சரணம் பாதியில் தாவும். அங்கே வந்ததும் எல்லோரும் சரியாகத் தாவிப் பாடுவார்கள்.

அதே செட்டில் ரேடியோவும் உண்டு. இலங்கை வானொலி அந்தக் கரையில் உள்ளூர் மாதிரி கேட்கும். ஆனால் ஆள் கூடிக் கேட்பது அகில இந்திய வானொலியின் வானிலை அறிவிப்பைத்தான். காற்று எவ்வளவு, கடலுக்குள் நிற்கலாமா, திரும்ப வேண்டுமா என்று எல்லோரும் மூச்சைப் பிடித்து நிற்க, அறிவிப்பாளர் வேகத்தைச் சொல்லும் அந்த நொடியில் இவர் கையை நீட்டி ஒரு குமிழைத் திருகுவார்.

"எத்தன சொன்னான்?"

"ட்ரெபிள் கூடியிருந்துச்சுண்ணே. இப்ப சரி."

இளைத்த பேட்டரி ஒரு நாள் கணக்கைத் தீர்க்கும். விடியற்காலையில் மடியை வாங்கிவிட்டு ஸ்ராங்கு சாவியைத் திருப்பினால் எஞ்சின் 'ங்ங்' என்று ஒரு முனகல், அவ்வளவுதான். பக்கத்து போட்டுக்காரன் கயிறு கொடுத்துக் கட்டி இழுக்க வருவான். போட்டுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு என்ன பதில் சொல்வது என்று ஆளாளுக்கு முழித்துக்கொண்டு நிற்பார்கள். செட்டுக்காரர் மட்டும் கயிறு கட்டும் சாக்கில் அந்தப் போட்டுக்குத் தாவி, நேரே கேபினுக்குள் தலையை நீட்டுவார்.

"மாப்ள, ஒங்களுக்கு டைனமோ சத்தம் வரலியே, கெப்பாசிட்டர் எங்க வாங்குனீய?"