"அத எறியாதீங்க தம்பி!"

அவர் உங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் குப்பைத் தொட்டியைத்தான் நலம் விசாரிப்பார். நீங்கள் அப்புறம். தேநீர் கொடுத்தாலும் கண் தேநீரில் இருக்காது. கோப்பை ஓரத்தில் தொங்கும் டீ பேக் நூலில் இருக்கும்.

"அத எறியாதீங்க தம்பி!"

நூல், பாரந்தூக்கிக்குக் கயிறு. நூலைத் தாளோடு பிணைத்திருக்கும் கம்பியை நிமிர்த்தி வெட்டினால் இரண்டு ஸ்பானர். உள்ளேயிருக்கும் சக்கையைக் காயவைத்துத் தூவினால் எண்ணெய் ஊறிய பட்டறைத் தரை. ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தா வரை எத்தனையோ பேர் தேயிலையைப் பிஓபி, ஃபேனிங்ஸ், டஸ்ட் என்று சலித்துத் தரம் பிரித்துப் பிழைத்திருக்கிறார்கள். குடித்துப் போட்ட சக்கைக்கும் தரம் பிரிக்கிறவர் இவர் ஒருவர்தான்.

இத்தனையும் ரயிலுக்காக. கேமரன் மலைக்கு ரயில் ஏறி வந்ததே இல்லை. தண்டவாளம் கீழே தாப்பா ரோடு வழியாக ஈப்போவைப் பார்த்துப் போய்விடுகிறது. தேயிலை ஃபேக்டரியில் உருட்டு மெஷினைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்ற இந்த அண்ணன், சாப்பாட்டு மேசையில் கோலாலம்பூர் செந்தூல் ரயில்வே பட்டறையைக் கட்டிக்கொண்டிருக்கிறார். 1945இல் நேசநாட்டு விமானங்கள் குண்டு போட்ட பட்டறை. தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வேலை பார்த்த இடம். அவருடைய அப்பாவும் அங்கே பிட்டர். அந்தப் பக்கத்துப் பழைய ரயில்வே கட்டடமொன்றில் 2005லிருந்து நாடகமும் நடனமும் நடக்கின்றன. இவருக்கோ அங்கே லேத் சுற்ற வேண்டும்.

அளவு 87இல் ஒரு பங்கு. ஆள் இரண்டு சென்டிமீட்டர் உயரம். மீட்டர் கேஜ் தண்டவாளம் 12 மில்லிமீட்டர். ஸ்பானர் மூன்று மில்லிமீட்டர்கூட வராது. அதிலும் ரிங் ஸ்பானரை ஓப்பன் ஸ்பானர் என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு நமக்குத் தொலைந்தது.

அட்டையில் கட்டினால் இந்த மலைப் பனிக்குச் சுவர் வயிறு தள்ளிவிடும். ஆகவே பிளாஸ்டிக். ஆகவே எங்கள் மார்ஜரின் டப்பா மூடி. மைலோ டப்பாவின் வாயை மூடியிருக்கும் ஈயத்தாளை என் மனைவியின் சீப்பில் வைத்து அழுத்தினார். நெளித்தகரக் கூரை வந்தது, சீப்பு வரவில்லை. நின்றுபோன கடிகாரம் என்றால் லேத்துக்குப் பல்சக்கரம் கிடைக்கும். என் கையில் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தும், "இது ரொம்ப நாளைக்குத் தாங்காதுபோல இருக்கே?" என்று ஆவலாகக் கேட்டார். அவர் வீட்டு அக்காவின் தோட்டுத் திருகு காணாமல் போன அதே வாரம் பட்டறையின் நீராவிக் குழாயில் புது வால்வு ஏறியிருந்தது. அக்கா இன்னும் பூனையைத்தான் சந்தேகப்படுகிறார்.

"ரயில் எப்பண்ணே ஓடும்?"

"பட்டறை முடியட்டும் தம்பி. ரிப்பேர் பாக்க இடமில்லாம எஞ்சின வெளிய விடலாமா?"

உள்ளே நிற்கிற எஞ்சின், கிளாஸ்கோவில் 1938இல் கட்டத் தொடங்கிய 56ஆம் வகுப்பு. சக்கரம் ஒரு பக்கம், கொதிகலன் ஒரு பக்கம். யாரும் கழற்றவில்லை, கழன்ற நிலையிலேயே செய்யப்பட்டது. அது ஓடவே ஓடாது.

இவ்வளவையும் செய்துவிட்டு மேலே கூரையைப் போட்டு ஒட்டியும்விட்டார். தோல்வார், மேலே சுற்றும் ஷாஃப்ட், வைஸ், டிராயருக்குள் அரம் எல்லாம் உள்ளே. பார்க்க வேண்டுமானால் மேசையில் கன்னத்தை வைத்து, ஒற்றைக் கண்ணை மூடி, கைப்பேசி விளக்கை ஜன்னலில் அடிக்க வேண்டும். கழுத்து சுளுக்கிக்கொண்டு நான் பார்த்தபோது, மேஸ்திரி அறை மேசையில் கடுகளவில் ஒரு தகரக் குவளை இருந்தது. "அப்பாவோடது" என்றார், அதற்கு மேல் பேசவில்லை. அன்றைக்கு நானே இரண்டு டீ பேக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆனால் ஒன்று எனக்குப் பொறுக்கவில்லை. ரயிலையே நேரில் பார்த்திராத பிள்ளைகள் இந்தத் தோட்டத்தில் இருக்கிறார்கள். ஆசையாக வாசலில் வந்து நிற்கிறார்கள். ஜன்னல் வழியாகப் பார்க்கக்கூட விடாமல், "தொடாதே, மூச்சு விடாதே, தூரப் போ" என்று விரட்டுகிறார். அந்தப் பிள்ளைகள் வீட்டு மைலோ டப்பாவெல்லாம் மட்டும் கூரைக்கு ஆகிறது. இது நியாயமில்லை. அவரிடம் நேரில் சொன்னேன். காதில் விழாத மாதிரி தூரிகையை வாயில் கவ்விக்கொண்டார்.

ஆகவே தோட்டத்து மக்களே, உடைந்த கடிகாரங்களைத் தாராளமாக அவருக்குக் கொடுங்கள். ஒரே ஒரு நிபந்தனை போடுங்கள்: கூரையைக் கழற்றிப் பிள்ளைகளுக்குக் காட்டினால்தான் அடுத்த கடிகாரம்.