புத்தகத்தை மூடுங்கள், படிப்பு தொடங்கட்டும்

கேள்வி: விடிய விடிய நாலு தடவை படித்தேன். ஹாலில் வினாத்தாளைப் பார்த்ததும் ஒன்றுமே வரவில்லை. எனக்கு ஞாபகமறதி வியாதியா? (பி.இ. இரண்டாம் ஆண்டு மாணவர், திருநெல்வேலி)

பதில்: வியாதியெல்லாம் கிடையாது, தைரியமாக இருங்கள். கல்யாண வீட்டில் எதிரே வருகிறவரின் முகம் நன்றாகத் தெரிகிறது, பெயர் மட்டும் வாயில் வரமாட்டேன் என்கிறது அல்லவா? நாலாவது தடவை படிக்கும்போது பாடமும் அப்படித் தெரிந்த முகமாகிவிடுகிறது. தேர்வு கேட்பதோ பெயரை!

அமெரிக்காவில், செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு குழு ஒரு பகுதியை நாலு சுற்று படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று படித்துவிட்டு, மூன்று சுற்று பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து? எழுதிப் பார்த்தவர்களுக்குச் சுமார் 61 சதவீதம் நினைவிருந்தது. படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு 40.

ஆகவே ஒரு தலைப்பைப் படித்ததும் புத்தகத்தை மூடுங்கள். வெள்ளைத்தாளில் நினைவுக்கு வருவதை எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டதை வேறு மையில் நிரப்புங்கள். முதல் நாள் பாதிப் பக்கம்கூடத் தேறாது. மனம் நொந்து நிறுத்திவிடாதீர்கள். நமக்கு எது தெரியாது என்பது ஹாலுக்கு வெளியிலேயே தெரிந்துவிடுவது பெரிய லாபம்.

கேள்வி: ஹைலைட்டரில் எந்த நிறம் நினைவில் நிற்கும்? (பி.காம். மாணவி, ஈரோடு)

பதில்: மஞ்சள் மங்களகரமானது, மார்க்குக்கு அது போதாது. டன்லோஸ்கி என்ற ஆய்வாளரின் குழுவினர் 2013-இல் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டபோது, கோடு போடுவதும் நிறம் பூசுவதும் கடைசி வரிசைக்குப் போயின. தன்னைத் தானே சோதித்துக்கொள்வதும், நாள் பிரித்துப் படிப்பதும் முதல் வரிசை. அந்தக் காசுக்கு வெள்ளைத்தாள் வாங்குங்கள்.

கேள்வி: படிக்கும்போது செல்போனை எங்கே வைப்பது?

பதில்: வீட்டில் என்றால் அம்மாவிடம். ஹாஸ்டலில் என்றால் அடுத்த அறையில் படிக்கிற பிள்ளையிடம்; அவருடையது உங்களிடம்.

கேள்வி: மூன்று அரியர் இருக்கிறது, பதினைந்து நாள்தான். ஒரு பேப்பரை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடவா? (டிப்ளமோ மாணவர், வேலூர்)

பதில்: வேண்டாம். மூன்றையும் தினமும் தொடுங்கள். எபிங்காஸ் என்ற ஜெர்மானியர், பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து பார்த்து 1885-இல் எழுதினார்: ஒரே நாளில் 68 முறை சொல்லிப் படித்த பலன், மூன்று நாளாகப் பிரித்தபோது 38 முறையிலேயே கிடைத்தது. முதலில் பழைய வினாத்தாள்களை எடுத்து, திரும்பத் திரும்ப வரும் தலைப்புகளைக் குறித்துக்கொண்டு இறங்குங்கள்.

கேள்வி: தேர்வுக்கு முந்தின இரவு எத்தனை மணிவரை படிக்கலாம்?

பதில்: பத்து. படித்தது மனதில் படிகிற வேலை தூக்கத்திலும் நடக்கிறது. அதற்கும் நேரம் கொடுங்கள்.

கேள்வி: பிளஸ் டூ வரை தமிழ்வழி. வகுப்பில் இங்கிலீஷில் நடத்தும்போது புரிந்த மாதிரி இருக்கிறது, எழுத வரவில்லை. படிப்பையே விட்டுவிடலாமா என்றிருக்கிறது. (பி.இ. முதலாம் ஆண்டு மாணவி, தருமபுரி)

பதில்: விடவே கூடாது, அம்மா. உங்களைப் போன்ற பிள்ளைகள் முதல் செமஸ்டரிலேயே மனம் விட்டுப்போவதுதான் எனக்குத் தாங்காத வருத்தம். தமிழில் யோசிப்பதை நிறுத்தாதீர்கள். தெர்மோடைனமிக்ஸ் இரண்டாம் விதியா? சூடான டீ தானாக ஆறும், ஆறின டீ தானாகச் சூடாகாது. இதை அறைத்தோழியிடம் தமிழில் விளக்குங்கள். அவர் "ஏன்?" என்று கேட்டு நீங்கள் திணறுகிற இடத்தைத் திரும்பப் படியுங்கள். தெளிந்ததும் நாலே வரி இங்கிலீஷில், உங்கள் சொந்த நடையில் எழுதி ஆசிரியரிடம் நீட்டுங்கள். இலக்கணப் பிழையை அவர் ஒரு நிமிடத்தில் திருத்திவிடுவார். மனப்பாடம் செய்த பத்தியிலோ ஒரு சொல் நழுவினால் மீதிப் பத்தியும் சேர்ந்து போய்விடும். இந்த வாரமே ஒரு பாடத்தில் தொடங்கி, எப்படிப் போகிறது என்று எனக்கு எழுதுங்கள்.